மேல் டிவிஷன் ஆடக் கூடாது

1992ஆம் ஆண்டு நாவமலைத் தோட்டத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷனில் இருந்த கந்தையாவின் மகள் ராகினி, இரத்தினபுரியில் நடந்த மாகாண விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டாள் என்பது ஒன்று. அதே ராகினி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்பது மற்றது. முதல் செய்தியை எல்லோரும் உடனே நம்பினார்கள். பெல்மதுளைக்குப் போகும் காலை பஸ்ஸைப் பிடிக்க அவள் புத்தகப் பையோடு தேயிலைச் சரிவில் பாய்ந்து இறங்குவதைப் பார்க்காத ஆள் தோட்டத்தில் இல்லை. இரண்டாவதை நம்பத்தான் நாளெடுத்தது.

"இன்னும் படிக்கப் போகுதா? அப்ப எப்பதான் பேரு பதியும்?" என்று கேட்டார்கள். தோட்டத்தில் பேர் பதிவது என்றால் வேலைக்குச் சேருவது. ராகினியின் அம்மா தங்கம்மா பன்னிரண்டு வயதில் பேர் பதிந்து கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள்.

"அது பதியாது. பதிய விட மாட்டேன்," என்றாள் தங்கம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பல்கலைக்கழகத்தில் ராகினி உடற்றொழிலியல் படித்தாள். ஒருநாள் பேராசிரியர் எக்கநாயக்க, மனிதன் ஓடும்போது இதயம் என்ன செய்கிறது, நுரையீரல் என்ன செய்கிறது, தசை என்ன செய்கிறது என்று விளக்கி முடித்தார். ராகினி கையை உயர்த்தினாள்.

"சேர், மூளை என்ன செய்யும்?"

எக்கநாயக்க கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியாது," என்றார். "என்னைவிடப் பெரியவர்களுக்கும் சரியாகத் தெரியாது."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. ராகினிக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றைத் தேடிப் பார்ப்பதே ஒருவருடைய உத்தியோகமாக இருக்கலாம் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. வகுப்பு முடிந்ததும் அவருடைய அறை வாசலில் போய் நின்றாள்.

பட்டம் முடித்ததும் அங்கேயே உதவி விரிவுரையாளரானாள். உதவி, துணை, முதுநிலை என்ற படிகளெல்லாம் நாவமலைக்கு விளங்கவில்லை. அன்று முதலே அவள் அவர்களுக்கு "புரபசர் புள்ள" ஆகிவிட்டாள். அவள் மறுத்துப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டாள்.

பெல்மதுளைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த விஜேந்திரனை அவள் 1998இல் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்று அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நான் கொஞ்சம் குண்டு. ஒங்க ஆராய்ச்சிக்கு ஏதும் இடைஞ்சலா?" ராகினி எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிவானது என்று கந்தையா பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு கலாநிதிப் பட்டத்துக்காக அவுஸ்திரேலியா போவதற்கு அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. "போய்ட்டு வா. கடையும் நானும் இங்கதான் இருப்போம்," என்று விஜேந்திரன் அனுப்பிவைத்தான்.

அங்கே அவளுடைய வேலை எலிகளோடு. சில கூண்டுகளில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். எலி விரும்பினால் ஏறி ஓடும், விரும்பாவிட்டால் சும்மா இருக்கும். வேறு சில எலிகளை ஓடும் பட்டியில் ஏற்றிக் கட்டாயமாக ஓடவைப்பார்கள். பிறகு எல்லா எலிகளையும் ஒரு தண்ணீர்த் தொட்டியில் விட்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எது சீக்கிரம் ஞாபகம் வைத்துக்கொண்டு நீந்திப் போய்ப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஓடிய எலிகள் ஓடாதவற்றைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தன. அவளுடைய ஆய்வுகூடத்தில் தன்பாட்டில் ஓடியவை இன்னும் ஒரு படி மேலே நின்றன. அதை அவள் மனத்துக்குள் தனியாக எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விஜேந்திரனின் கடைக்கு அவள் தொலைபேசி எடுப்பாள். ஒருமுறை தங்கம்மா மலையிலிருந்து இறங்கி வந்து காத்திருந்தாள்.

"அங்க என்னா வேல புள்ள ஒனக்கு?"

"எலிய ஓட வைக்கிறோம்மா."

"என்னாத்துக்கு?"

"ஓடுனா அதுக்கு ஞாபகம் கூடுதான்னு பாக்க."

தங்கம்மா சொன்னாள்: "நம்ம லயத்து வீட்டுக் கூரையில பூராவும் எலிதான் ஓடுது. இதப் பாக்கவா கடல் தாண்டிப் போன?"

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு ராகினிக்கு அங்கேயும் கேட்டது.

2003இல் அவள் திரும்பி வந்தபோது தங்கம்மா வேலையிலிருந்து நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை, மலை ஏற வேண்டியதில்லை. வீட்டுக்குள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடப்பாள். மற்ற நேரமெல்லாம் ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்திருப்பாள். தேத்தண்ணீரில் இரண்டுமுறை சீனி விழுந்தது. ஒரு பேச்சைத் தொடங்கி நடுவில் நிறுத்தி, "என்னா சொல்ல வந்தேன்?" என்று கேட்டாள். பல நேரம் அதை அவளே சிரிப்பாக்கிவிடுவாள்.

ஒருநாள் மகளைப் பார்க்கப் பெல்மதுளைக்குப் பஸ் ஏறியவள் வந்து சேரவில்லை. மத்தியானத்துக்கு மேல் இரத்தினபுரி பஸ் நிலையத்திலிருந்து கடைக்குத் தொலைபேசி வந்தது. விஜேந்திரன் வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனான். தங்கம்மா நேரக்காப்பாளரின் அறையில் உட்கார்ந்து, அவித்த கடலை தின்றுகொண்டு, அவரோடு சிங்களத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மனிதரின் பிள்ளைகள் என்னென்ன படிக்கிறார்கள் என்று மருமகனுக்குச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ராகினியோடு தனியாக இருந்தபோதுதான் அவள் முகம் மாறியது.

"எறங்குற எடம் வந்துச்சு புள்ள. பாத்தேன். எந்த ஊருன்னே தெரியல. எல்லாக் கடையும் புதுசா இருந்துச்சு. பயந்துட்டேன்."

டொக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்தார்கள். பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, வயதோடு வருகிற மறதிதான், சும்மா உட்கார வைக்காதீர்கள் என்றார்கள். ராகினிக்கு அது போதவில்லை. அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே வயது, ஒரே சாப்பாடு. இருவரும் ஒரே தோட்டத்தில் உழைத்தவர்கள். கந்தையாவுக்கு எதுவும் மறக்கவில்லை. அவர் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்து மைதானத்தில் கரப்பந்து ஆடியவர். இப்போதும் மாலையானால் சீட்டாட்டம், கோயில் கமிட்டிச் சண்டை என்று எங்காவது கிளம்பிவிடுவார். அம்மா வேலை முடிந்து வந்து சமைத்தாள். உடம்பு ஓயாமல் அலைந்ததுதான். ஆனால் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் எதையாவது விளையாடியதுண்டா?

கேட்டாள்.

"வெளாட்டா?" தங்கம்மா யோசித்தாள். "ஒன்னய குளிப்பாட்டுறப்ப தண்ணி தெளிச்சு வெளாண்டேன்."

அந்தப் பதில் ராகினியை ஆராய்ச்சிக்குத் தள்ளியது. வேலைக்காக வாழ்நாள் முழுதும் மலை ஏறிய பெண்கள், வேலை நின்ற பிறகு விருப்பத்தோடு உடம்பை அசைத்தால் அவர்களுடைய ஞாபகத்துக்கு என்ன ஆகும்? எலிகளிடம் கேட்டாயிற்று. இனி நாவமலையில் கேட்க வேண்டும்.

முதல் முயற்சி படுதோல்வி. மாலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வாருங்கள் என்று ஓய்வுபெற்ற பெண்களை அழைத்தாள். முதல் நாள் மரியாதைக்காக வந்தார்கள். இரண்டாம் நாள் எல்லோர் கையிலும் கத்தி இருந்தது.

"கத்தி எதுக்கு?"

"சும்மாவா நடக்குறது? பாக்குறவங்க பைத்தியம்னு சொல்லுவாங்க. போற வழியில வெறகு வெட்டிக்கிட்டு வந்துருவோம்."

மைதானத்தில் விறகு இல்லை. எனவே அவர்கள் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். ராகினி தனியாக மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

2005 சித்திரைப் புத்தாண்டுக்குத் தோட்டத்து ஆட்களும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் சேர்ந்து மைதானத்தில் விளையாட்டு விழா வைத்தார்கள். கயிறிழுப்பு, பனிஸ் தின்னும் போட்டி எல்லாம் முடிந்து இளைஞர்கள் எல்லே ஆடத் தொடங்கினார்கள். மூங்கில் கழியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, நான்கு கம்பங்களையும் சுற்றி ஓடி வரும் ஆட்டம் அது. பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தாலோ, ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட வைத்தாலோ அவர் ஆட்டமிழப்பார். சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த அஸீஸ் நானாதான் நடுவர். அவருக்கு அந்த வேலையில் தேத்தண்ணீரைவிடப் பிரியம் அதிகம்.

இடைவேளையில் அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "வயசான அம்மாமார் யாராச்சும் ஒரு அடி அடிச்சுப் பாக்குறீங்களா?" என்று பகிடியாகக் கேட்டார். கூட்டம் சிரித்தது. தங்கம்மா எழுந்து போனாள். ஏன் போனாள் என்று பின்னால் கேட்டபோது அவளுக்கே தெரியவில்லை. மூங்கில் கழியைத் தோளுக்கு மேல் தூக்கினாள். முதல் பந்து தவறியது. இரண்டாவது தவறியது. மூன்றாவதை அவள் அடித்த அடியில் பந்து பறந்துபோய் அஸீஸ் நானாவின் கடைத் தகரக் கூரையில் டங்கென்று விழுந்தது.

"ஓடும்மா!" என்று ராகினி கத்தினாள்.

தங்கம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதல் கம்பம், இரண்டாவது கம்பம். வழியில் செருப்பொன்று கழன்றது. நாலாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்று மூச்சு வாங்கியபடி அவள் சிரித்தாள். தன் அம்மா அப்படிச் சிரித்து ராகினி பார்த்ததேயில்லை. அடுத்த நிமிடம் கழிக்கு முன்னால் பெண்களின் வரிசை ஒன்று நின்றது. கையில் கத்தி இல்லாமல்.

பல்கலைக்கழகம் ஆய்வுக்கு அனுமதி கொடுத்தது. தோட்டத்து டொக்டர் எல்லோருடைய இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சரி சொன்னார். திட்டம் இதுதான்: கீழ் டிவிஷனில் ஓய்வுபெற்ற பெண்கள் வாரத்தில் மூன்று மாலை எல்லே ஆடுவார்கள். மலை முகட்டில் இருந்த மேல் டிவிஷன் பெண்கள் ஆடமாட்டார்கள், வழக்கம்போல இருப்பார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஞாபகத்தைச் சோதித்து ஒப்பிட வேண்டும். மேல் டிவிஷன் ஆடினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

தொடக்கச் சோதனைக்கு மேல் டிவிஷனுக்குப் போனபோது முதலில் வந்து உட்கார்ந்தவள் இலட்சுமி. அவளும் தங்கம்மாவும் கொழுந்து பறித்த காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தவர்கள். ராகினி ஒரு சிறிய கதையை வாசித்தாள்: ஒரு பெண் சந்தைக்குப் போகிறாள், மழை வருகிறது, குடையை மறந்துவிடுகிறாள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும்.

"யாரு அந்தப் பொம்பள?" என்றாள் இலட்சுமி.

"கதையில வர்றவ அத்த. சும்மா."

"பேரு?"

"பேரு இல்ல."

"பேரில்லாத பொம்பளய நான் எங்க போயி ஞாபகம் வைக்க?"

ராகினி சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு மல்லிகா என்று பெயர் வைத்தாள். பிறகு எல்லோருக்கும் அதே மல்லிகாதான். சோதனை முடிந்ததும் மேல் டிவிஷன் பெண்களை உட்காரவைத்து, இந்த ஆறு மாதமும் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம், எல்லே ஆட வேண்டாம் என்று விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கீழ் டிவிஷனில் மாலை நேரம் திருவிழாவானது. அஸீஸ் நானா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு விசிலோடு வந்துவிடுவார். அடுத்து யார் அடிக்க வேண்டும், யார் ஆட்டமிழந்தார், எத்தனை ஓட்டம் என்று பெண்கள் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அதில் வாக்குவாதம் வரும். வாக்குவாதத்தில் ஜெயிக்க ஞாபகம் வேண்டும். நடந்துகொண்டிருந்த பயிற்சியில் பாதி அதுதான் என்று ராகினிக்குப் புரிந்தது.

ஒரு மாலை பொலிஸ் ஜீப் வந்தது. தோட்டத்தில் தமிழ் ஆட்கள் கம்புகளோடு பயிற்சி எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போர் இன்னும் முடியாத அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல் போதும், ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மைதானம் உறைந்து நின்றது. ராகினி அடையாள அட்டையையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். சார்ஜன்ட் கடிதத்தை வாசித்தார். பெண்களைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தை வாசித்தார்.

"இவர்கள்தானா பயிற்சி எடுப்பவர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தங்கம்மா மூங்கில் கழியை அவரிடம் நீட்டினாள். "கஹலா பலன்ன மாத்தயா," என்றாள். அடித்துப் பாருங்கள் ஐயா என்று அர்த்தம்.

சார்ஜன்ட் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்தார். மூன்று பந்தும் தவறின. அஸீஸ் நானா சட்டப்படி விசில் அடித்து அவரை வெளியே அனுப்பினார். ஜீப்பிலிருந்த பொலிஸ்காரர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதன் பிறகு அந்த ஜீப் அவ்வப்போது வந்து மைதான ஓரத்தில் நிற்கும். வந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆறு மாதம் முடிந்தது. கீழ் டிவிஷன் பெண்கள் சோதனையில் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். தங்கம்மா மல்லிகாவின் கதையை மழைத்துளி தவறாமல் சொன்னாள். தனியாகப் பஸ்ஸில் பெல்மதுளைக்கு வந்து, சரியான இடத்தில் இறங்கி, மருமகனின் கடையில் குறை சொல்லிவிட்டுப் போகவும் தொடங்கியிருந்தாள். ராகினி மகிழ்ச்சியில் மிதந்துகொண்டு மேல் டிவிஷனுக்குப் போய் அங்கேயும் சோதித்தாள்.

மேல் டிவிஷனும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தது.

அவள் எண்களை மறுபடியும் பார்த்தாள். எக்கநாயக்கவும் பார்த்தார். தவறு எதுவும் இல்லை. எல்லே ஆடியவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் ஆட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்றுதான் பொருள். ராகினி இரவுச் சாப்பாட்டுக்கும் அந்தத் தாள்களோடு வந்து உட்கார்ந்தாள். "ஒரு தடவ சும்மா போயி பாத்துட்டு வாயேன்," என்றான் விஜேந்திரன். "கடையில கணக்கு ஒதைச்சா நான் மொதல்ல கடைய சுத்தித்தான் பாப்பேன்."

மறுநாள் மாலை அவள் யாருக்கும் சொல்லாமல் மேல் டிவிஷனுக்கு ஏறினாள். கடைசி வளைவுக்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. கைதட்டல், கூச்சல், "ஓடு, ஓடு" என்று யாரோ கத்துவது. வளைவைத் தாண்டினாள். கோயிலுக்குப் பின்னால் பழைய நாற்றுமேடை இருந்த சரிவான நிலத்தில் இலட்சுமி கழியை வீசிவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். மேல் டிவிஷன் முழுக்க அங்கே இருந்தது.

ராகினியைக் கண்டதும் எல்லோரும் நின்றார்கள். பந்து மட்டும் சரிவில் உருண்டு அவள் காலடிக்கு வந்தது.

"எப்பலருந்து அத்த?"

இலட்சுமி கழியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைக்க முடியாத நீளம் அது. "நீ சோதிச்சிட்டுப் போன மறுவாரத்துலருந்து," என்றாள். பிறகு அவளுக்கே வீறாப்பு வந்தது. "கீழ் டிவிஷன்காரிங்க சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அவளுங்க ஓடணும், நாங்க குந்திக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? நீ ஆட வேணாம்னு சொன்ன. ஒம் மனசு நோவக் கூடாதுன்னுதான் ஒனக்குத் தெரியாம ஆடுனோம்."

ராகினி அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். உழைப்பெல்லாம் போயிற்று. கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கும்போதே சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை. பயந்துபோன பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து, யாரோ கொண்டு வந்த தேத்தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள்.

"கழி எங்க கெடைச்சிச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

இலட்சுமி கழியை மறுபடி முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். ஆனால் கழியின் பிடியில் சுற்றியிருந்த நீலச் சேலைத் துணி ராகினிக்குத் தெரிந்த துணி.

கீழே அம்மா வீட்டுக்குப் போனவுடன் அவளைப் பிடித்தாள். தங்கம்மா மறைக்கவில்லை.

"நான்தான் குடுத்தேன். சட்டமும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஏம்மா? என் ஆராய்ச்சி பூரா போச்சே!"

"எதிராளி இல்லாம என்னா வெளாட்டு? எங்களுக்குள்ளயே எத்தன நாளைக்கு அடிச்சுக்கிட்டு இருக்குறது? அந்த இலட்சுமிய ஒரு தடவ தோக்கடிக்கணும் புள்ள. அதுக்கு அவ மொதல்ல ஆடப் பழகணும்ல."

கந்தையா உள்ளே இருந்து சிரித்தார். அவருக்கும் முதலிலிருந்தே தெரியும்.

ராகினி எக்கநாயக்கவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேசையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: "உங்கள் எலிகள் எதுவும் பக்கத்துக் கூண்டுக்குச் சக்கரம் கடத்தவில்லை, இல்லையா? இதை மறைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பிறகு எல்லோருக்கும் ஆட இடம் கிடைக்கிற மாதிரி ஒரு ஆய்வை அமையுங்கள்."

அவள் அப்படித்தான் செய்தாள். ரம்புக்கனைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். இந்தமுறை யாரையும் ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் ஒரு பகுதிப் பெண்கள் ஆடுவார்கள், அடுத்த ஆறு மாதம் மற்றப் பகுதியின் முறை, பிறகு எல்லோரும் சேர்ந்து ஆடலாம் என்றாள். தங்கள் முறை வரும் என்று தெரிந்ததால் அவர்கள் காத்திருந்தார்கள். ராகினி ரயிலேறி அங்கே போய்வந்த நாள்களில், பால் வெட்டி ஓய்ந்த பெண்கள் மரங்களுக்கு நடுவே மைதானம் துப்புரவாக்குவதையும், பந்து காணாமல் போனால் மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்வதையும் பார்த்தாள். அந்தப் பந்து எங்கே துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டம் அதனால் இன்னும் கலகலப்பானது.

முடிவு தெளிவாக வந்தது. ஆடியவர்களின் ஞாபகமும் கவனமும் கூடின. காத்திருந்தவர்கள் இருந்தபடி இருந்தார்கள். அவர்களுடைய முறை வந்ததும் அவர்களும் முன்னேறினார்கள். முன்னேற்றம் மந்திரம் போட்ட மாதிரி இல்லை, கொஞ்சம்தான். தங்கம்மாவுக்கு இன்னமும் சில பெயர்கள் மறக்கும், சில நாள் தேத்தண்ணீரில் இரண்டுமுறை சீனி விழும். ராகினி தன் கட்டுரையில் எதையும் பெருக்கிச் சொல்லவில்லை. மேல் டிவிஷன் செய்த வேலையையும் ஒரு பத்தியில் எழுதினாள். கொழும்பு மாநாட்டில் அந்தப் பத்தியை வாசித்தபோது மண்டபம் கைதட்டியது. பார்வையாளர் வரிசையில் விஜேந்திரன் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தக் கழி குடுத்தது எங்க மாமிதான்," என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

2009இல் பல்கலைக்கழகம் அவளைப் பேராசிரியராக்கியது. நாவமலையில் செய்தி சொன்னபோது, "அதான் எப்பவோ ஆயாச்சே," என்றார்கள்.

அந்த ஆண்டு செப்டெம்பரில் கீழ் டிவிஷனும் மேல் டிவிஷனும் முதல்முறையாக ஊர் கூட்டி மோதின. போர் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்பது குறைந்திருந்தது. கிராமத்திலிருந்தும் பெல்மதுளையிலிருந்தும் பயமில்லாமல் ஆட்கள் வந்தார்கள். எக்கநாயக்க ஓய்வுபெற்ற பிறகும் குடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கும் நேரம் மேல் டிவிஷனில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. இலட்சுமி ராகினியின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ எங்க பக்கம் வா. எங்கள ஆட வேணாம்னு சொன்னவதான நீ? இன்னிக்கு எங்களுக்காக ஆடு."

பேராசிரியர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். அடித்த பந்து உயரப் போனது. ஓடினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்றாவது கம்பத்தைத் தாண்டிவிட்டாள், இன்னும் ஒன்றுதான். பின்னால் யாரோ பந்தைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. நாலாவது கம்பத்துக்குக் கை நீட்டிய அதே நொடியில் அவள் முதுகில் பந்து பலமாக வந்து விழுந்தது.

எறிந்தவள் தங்கம்மா.

"அவுட்டு!" என்று கைகளை மேலே தூக்கிக்கொண்டு குதித்தாள். "புரபசர் அவுட்டு!"

"அம்மா, கம்பத்தத் தொட்டுட்டேன்!"

"தொடல. நான் பாத்தேன்."

"தொட்டுருச்சு!" என்று இலட்சுமி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு டிவிஷனும் மைதானத்துக்குள் இறங்கின. எல்லோரும் அஸீஸ் நானாவைப் பார்த்தார்கள். இரண்டு டிவிஷனுக்கும் தேத்தண்ணீர் விற்று வாழ வேண்டிய மனிதர் அவர். விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில், "மழ வருது," என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் நடந்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன ராகினி, அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்று கண்டாள். யார் எங்கே நின்றார்கள், பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது, அப்போது ஓட்டம் எத்தனை என்று பெண்கள் ஒன்று விடாமல் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, தான் கம்பத்தைத் தொட்டதற்கான நியாயத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கினாள்.